ஆகாயத்தில் அப்பிரதட்சணம்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் முக்கால்வாசி நேரம் விமானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காற்று எப்போது அடங்கும் என்று பார்ப்பது. மீதியில் பாதி திட்டு வாங்குவது. அதற்கும் மேல் ஏதாவது மிச்சம் இருந்தால் அதில் பறப்பது. கார் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்டியரிங்கைப் பிடுங்கிய அனுபவம் உள்ளவர்களே, ஹோட்டலில் மூன்று தடவை கூப்பிட்டும் சர்வர் திரும்பிப் பார்க்காத மென்குரல் சொந்தங்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

வீடு திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம். வேலை செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில். சிங்கப்பூரில் நர்சாக இருக்கும் அக்கா, "உனக்குத்தான் சின்ன வயசிலேருந்து ஆசையாச்சே, போய்ப் பழகு" என்று சொல்லிவிட்டாள். செலவு அவள், பறப்பது நான் என்று ஏற்பாடு. சம்பளத்துக்கு ஓட்டுகிற பெரிய விமானம் இல்லை. சொந்த ஆசைக்குச் சின்ன விமானம் ஓட்டுகிற உரிமம். லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பஸ் மாறிப் பஸ் ஏறி, ஒரு சின்ன விமானதளத்துக்குப் போய்ப் பழகினேன். அந்த உரிமத்துக்குப் போகும் வழியில் ஒரு வாசல்படி உண்டு. பக்கத்தில் யாரும் இல்லாமல், தனியாக ஒரு தடவை மேலே போய் இறங்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பயிற்சியாளர் மனசு வைத்துக் கீழே இறங்கிக்கொள்ள வேண்டும். என் விஷயத்தில் அவர் இறங்கவே மாட்டேன் என்றார். அந்தப் படியை நான் தாண்டிய கதைதான் இது.

கால் போன பக்கம்

என் பயிற்சியாளர் கேப்டன் நஸ்ரின். ஆம்பூர்க்காரர். என்னைவிட இரண்டு வயசுதான் பெரியவர், ஆனால் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். பறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் விமானத்தைச் சுற்றி வந்து, கையில் இருக்கும் பட்டியல்படி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பட்டியல் இடது கதவில் ஆரம்பிக்கும். அங்கிருந்து வால், வலது இறக்கை, மூக்கு, இடது இறக்கை என்று போய் முடியும்.

பட்டியல் அப்படிச் சொன்னது. என் கால் எதிர்ப்பக்கம் போனது. நான் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற வயசிலேயே மலையைச் சுற்றக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மலையோ, தெருமுனைப் பிள்ளையாரோ, எதைச் சுற்றினாலும் அது நம் வலது கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். அப்படியே பயபக்தியோடு விமானத்தையும் வலம் வந்தேன். பட்டியல் வாலில் இருக்கும்போது நான் மூக்கில் இருந்தேன். அப்புறம் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்துச் சமாளித்தேன். மேடம் இறக்கை நிழலில் நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இருவரும் ஏறி உட்கார்ந்தோம். பெல்ட் போட்டாயிற்று. சாவியில் கை வைத்தேன். காற்றில் பறந்துவிடாமல் இருக்க விமானத்தின் வாலைத் தரையோடு கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். அவிழ்க்க வேண்டியது என் வேலை. அப்போதுதான் மேடம் மெதுவாகச் சொன்னார்:

"பிரகாரம் சுத்தி முடிச்சாச்சுன்னா, வால்ல கட்டின கயித்தையும் அவுத்துட்டு வாப்பா. கெளம்பலாம்."

அம்மாவின் சந்தேகம்

தரையில்தான் இப்படி, மேலே போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மேலே அதைவிட மோசம். கிளம்பி, தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வந்து இறங்குவதுதான் ஆரம்பப் பாடம். அந்தச் சுற்றில் திரும்புவதெல்லாம் இடது பக்கம்தான். ஓட்டுபவர் இடது சீட்டில் உட்காருகிறார், ரன்வே அவர் ஜன்னலில் தெரிய வேண்டும், அதனால் அப்படி. காரணம் நன்றாகத்தான் புரிந்தது. ஆனால் மேடம் "திரும்பு" என்றதும் என் கை வலது பக்கம் திருப்பியது. அவர் தன் பக்கத்துப் பிடியைப் பிடித்து விமானத்தை நேராக்கிவிட்டு, என் இடது தோளில் பேனாவால் ஒரு தட்டு தட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தட்டு.

அன்று சாயங்காலம் அம்மா போனில் விசாரித்தாள். எங்கள் அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது; கேள்வி நேராக வந்து விழும். "மேல போய் எந்தப் பக்கமா சுத்துவீங்க?" என்றாள். இடது பக்கமாக என்றேன். "இடமாவா? எல்லாருமா?" என்றாள். எல்லோரும்தான், உலகம் முழுக்கப் பெரும்பாலும் அப்படித்தான் என்றேன். அம்மாவே ஒரு வழியும் கண்டுபிடித்தாள்:

"நடுவுல கோயில் கீயில் ஒண்ணும் இல்லல்ல? அப்ப போவட்டும். ஊருக்கு வந்ததும் மலைய ஒரு தபா நேரா சுத்திடு, கணக்கு சரியாப் போயிடும்."

உம் கொட்டியது

அந்தத் தளத்தின் டவர் என்பது மாடியில் இருக்கும் ஒரு கண்ணாடி அறை. அதில் மணி சார். கிளம்பலாமா, இறங்கலாமா என்பதெல்லாம் ரேடியோவில் அவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை அப்படியே நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சரியாகக் கேட்டது என்று அவருக்குத் தெரியும். நானோ தாத்தா ராத்திரியில் சொல்லும் கதைக்கு உம் கொட்டி வளர்ந்த பிள்ளை. யாராவது நிதானமான குரலில் நீளமாக எதையாவது சொன்னால் நடுநடுவே உம் கொட்டுவதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. மணி சாருக்கு வேறு கதை சொல்லவே பிறந்த குரல். காற்று எந்தப் பக்கம், எந்த உயரம், எனக்கு முன்னால் யார் என்று அவர் அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பட்டனை அழுத்தி "ம்" என்றேன். அவர் மறுபடி சொன்னார். நான் மறுபடி "ம்".

உம்மை நிறுத்தி வார்த்தை பேசப் பழகின பிறகும் பிரச்சினை தீரவில்லை. என் குரல் இன்ஜின் சத்தத்தைத் தாண்டி ரேடியோவுக்குள் போவதற்குள் களைத்துவிடும். நான் கூச்சப்பட்டுக்கொண்டு வாய்க்கு முன்னால் இருக்கும் மைக்கைத் தாடைக்குக் கீழே தள்ளி வைத்துக்கொள்வேன், அது வேறு. ஒரு நாள் மணி சார் பொறுமை இழந்து, "நஸ்ரின் மேடம், பிளேன் ஒண்ணு மேல இருக்கறது கண்ணுக்குத் தெரியுது. உள்ள ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். நான் கத்திப் பார்த்தேன். கத்தினால் குரல் உடைந்து, என்ன சொல்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. இறங்கியதும் மேடம் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை; சாதாரணமாகத்தான் சொன்னார்:

"உன் லேண்டிங்ல ஒரு குறையும் இல்ல அருண். ஆனா தனியா போறப்ப உனக்குப் பதிலா பேச நான் பக்கத்துல இருக்க மாட்டேன். உன் குரல் கேக்குதுன்னு மணி சார் சொல்ற வரைக்கும் நான் எறங்கறதா இல்ல."

சந்தனம்

குரல் கதையை நிறுத்தி நடுவில் ஒன்று. ஆயுத பூஜைக்கு அந்தத் தளத்தில் விமானத்துக்கும் பூஜை உண்டு. அவரவர் ஊரில் லாரிக்கும் டிராக்டருக்கும் செய்வதுதான். சந்தனம், குங்குமம் வைக்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பேசத் தேவையில்லாத வேலை எது கிடைத்தாலும் நான் முதலில் நிற்பேன். சக்கரம், கதவு, இறக்கை நுனி என்று ஒழுங்காக வைத்துக்கொண்டு வந்தவன், மூக்குக்குப் பின்னால் இடது பக்க உடம்பில் ஒரு சின்ன வட்டத்தைப் பார்த்தேன். பொட்டு வைக்கவே அளந்து போட்ட மாதிரி இருந்தது. கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மறுநாள் காலையில் பட்டியலோடு சுற்றி வரும்போது, இந்தத் தடவை சரியான பக்கமாகத்தான், "காற்றுத் துளை அடைப்பில்லாமல் இருக்கிறதா" என்ற வரி வந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே என் பொட்டு. எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று விமானம் தெரிந்துகொள்வது அந்தத் துளை வழியாக. போய் நானே சொன்னேன். இன்ஜினியர் ஏகாம்பரம் சார் வந்து, துளைக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றி, சுத்தம் செய்து, சோதித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுவதற்குள் அன்றைய பறத்தல் போயே போய்விட்டது. எனக்குப் பின்னால் காத்திருந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏகாம்பரம் சார் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"நெத்தியில வைக்க வேண்டியதை மூக்கு ஓட்டையில வச்சு அடைச்சா, சாமியா இருந்தாக்கூட தும்மாதா தம்பி?"

இறங்காத விமானம்

ஊருக்குத் திரும்பினால் வேலை. நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுசில் தங்குபவர்களில் பாதிப் பேர் ஆசிரமத்துக்கு வந்து மௌன விரதம் இருப்பவர்கள். சட்டையில் "மௌனம்" என்று ஒரு அட்டை குத்தியிருக்கும். சாப்பாடு வேண்டும், துண்டு வேண்டும் என்பதெல்லாம் சைகைதான். என் குரலுக்காகவே ஓனர் என்னை வேலைக்கு வைத்தார். உலகத்தில் என் குரலுக்கு மரியாதை உள்ள இடம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

ஆனால் பழகியாக வேண்டுமே. துணி காயப்போடும் மொட்டை மாடிக்குப் போய், விமானத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ரேடியோ வாசகங்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். இந்த விமானம், இந்த இடத்தில் இருக்கிறேன், இடது பக்கம் திரும்புகிறேன், இறங்க வருகிறேன். குரல் பிசிறும் இடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அதனால் இறங்கும் கட்டம் வரைக்கும் போனதே இல்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மாடி அறையில் இருந்த கோயம்புத்தூர்க்காரர், வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், அட்டையோடு என் எதிரில் வந்து நின்றார். சைகை செய்யக் கையைத் தூக்கினார். இதற்குச் சைகை இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கையைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தார்:

"ஏனுங் தம்பி, அந்தப் பிளேன் இன்னும் எத்தனை நாளைக்குங்க எறங்காமயே சுத்தும்?"

பச்சைத் துணிப் பந்தல்

பௌர்ணமி வந்தது. எங்கள் தெருப் பையன்கள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மாதாமாதம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். தண்ணீர் கொடுப்பதோடு, கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிடுவதும் உண்டு. கூப்பிடுகிற சதீஷுக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. மற்றவர்கள் டம்ளரும் கையுமாக இருந்தார்கள். மைக் என்னிடம் வந்தது. நான் வேண்டாம் என்று சொன்னேன். அந்தச் சத்தத்தில் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்து கூட்டம் ஏற ஆரம்பித்த நேரம். செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். பெண்டாட்டியைக் காணோம், பெயர் கன்னியம்மா, போன் இவர் பையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பந்தல்கள், எல்லாவற்றிலும் மைக், நடுவில் பக்திப் பாட்டு. கத்தினால் என் குரல் உடையும் என்று எனக்குத் தெரியும். வேறு எதுவும் தோன்றாததால் ரேடியோவில் பேசுகிற முறையிலேயே பேசினேன். யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட்டு, "செய்யாறிலிருந்து வந்த கன்னியம்மா. கன்னியம்மா. இது தண்ணீர்ப் பந்தல். கோயிலைத் தாண்டினதும் இடது கைப் பக்கம், பச்சைத் துணி. உங்க வீட்டுக்காரர் இங்கதான் நிக்கிறார். பதறாம வாங்க." ஒரு நிறுத்தம். மறுபடி அதையே, அதே வேகத்தில்.

மூன்றாவது தடவை சொல்லும்போதே வந்துவிட்டார். புருஷனைப் பார்த்து முதலில் ஒரு முறை முறைத்தார். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்:

"அந்தாண்ட இருக்கற மைக்கெல்லாம் கத்துது தம்பி, ஒண்ணும் வெளங்கல. இது ஒண்ணுதான் என்னாண்ட வந்து நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

புது ஆள்

அடுத்த தடவை தளத்துக்குப் போனபோது ஹெட்செட் மைக்கை உதட்டில் படுகிற மாதிரி இழுத்து வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. அவசரப்படவும் இல்லை. கன்னியம்மாவைக் கூப்பிட்ட மாதிரியே மணி சாரைக் கூப்பிட்டேன். மேடம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மணி சார் ரேடியோவில் விதிமுறையெல்லாம் விட்டுவிட்டுப் பேச்சுத் தமிழில் விசாரித்தார்:

"மேடம், இன்னிக்கு யாரு? புதுசா சேந்த பையனா?"

ஆடுகள்

இரண்டு சுற்று முடிந்து இறங்கியதும், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினோடு மேடம் கதவைத் திறந்து இறங்கினார். காலி சீட்டுக்குப் பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். "ஒரே ஒரு சுத்து. போயிட்டு வா" என்று கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். ஆள் ஒன்று கம்மியானதும் விமானம் முன்னைவிட ஜாஸ்தி உற்சாகமாக மேலே ஏறியது. இடது பக்கம் திரும்பினேன். தோளில் தட்டப் பேனா இல்லை. மறுபடி இடது பக்கம். கீழே ரன்வே என் ஜன்னலிலேயே தெரிந்தது. வயல், ஒரு கிணறு, எங்கேயோ புகை. பயம் இருந்திருக்கும், அதைக் கவனிக்கத்தான் நேரம் இல்லை.

இறங்குவதற்கு நேராக வந்தபோது ரன்வே நடுவில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. கிட்டே வரவர அதற்குக் காது முளைத்தது. பக்கத்து ஊர் ஆடுகள், வேலியில் எங்கேயோ வழி கண்டுபிடித்து உள்ளே வந்துவிட்டன. பழகினது பழகினபடி கை தானாக வேகத்தைக் கூட்டியது. விமானம் மேலே ஏறியது. திரும்பச் சுற்றி வருகிறேன் என்று ஆங்கிலத்தில் முறைப்படி சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் ஆங்கிலம் வரவில்லை. "சார், ரன்வேல ஆடுங்க. ஏழெட்டு இருக்கும். ரெண்டு படுத்துட்டு இருக்கு" என்றேன், அதே நிதானத்தில். "தெரிஞ்சுது. ஆள் போயிருக்கு. நீ சுத்திட்டு வா" என்றார் மணி சார். அந்தச் சுற்றில் இடது பக்கம் குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு ரன்வே நீளத்துக்கும் ஆடுகளை விரட்டிக்கொண்டு ஓடியது. கேப்டன் நஸ்ரின்தான். வேறு யாரும் அவ்வளவு கோபமாக ஓட மாட்டார்கள்.

சுற்றி வந்து இறங்கினேன். சக்கரம் தரையைத் தொட்டது எனக்கே சரியாகத் தெரியவில்லை, அவ்வளவு மெத்தென்று. நிறுத்திவிட்டு இறங்கினால், மேடம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார், முழங்கை முழுக்க முள் கீறல். "உன்னத் தனியா அனுப்பிட்டு ஒரு டீ குடிக்கலாம்னு இருந்தேன்" என்றார். அதற்குள் மற்றவர்கள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தார்கள். முதல் தடவை தனியாகப் போய் வந்தவர்களுக்கு அதுதான் மாலை மரியாதை. சத்தம் கேட்டு மணி சாரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேடத்தைப் பார்த்துத்தான் சொன்னார்:

"படுத்திருந்தது ரெண்டுன்றது வரைக்கும் கேட்டுச்சு மேடம். இனிமே பையன் தனியாவே போவட்டும்."

அதற்குப் பிறகும் பரீட்சைகள், தூரப் பயணங்கள் எல்லாம் இருந்தன, ஒவ்வொன்றாக முடிந்தன, போன மாசம் உரிமம் வந்தது. ஆனால் கூடவே விமானம் ஒன்றும் வராததால் வேங்கிக்காலிலிருந்து செங்கம் ரோட்டுக்கு இன்னும் டவுன் பஸ்ஸில்தான் போகிறேன், எவ்வளவு கூட்டமானாலும் பின்படியில் தொங்கிக்கொண்டு நான் ஒரே தடவை சொன்னால் முன்னால் இருக்கும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அனுப்பிவிடுகிறார்.